தோளில் மாட்டிய மேளம்

நம் வயதுக்காரர்கள் ஒன்றுகூடினால் இப்போதெல்லாம் பேச்சு முழங்காலில் தொடங்கி கொலஸ்ட்ராலில் முடிகிறது. போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனிலும் அப்படித்தான். டெக்சாஸ் ரிச்சர்ட்சன் தமிழ்ப் பள்ளியில் நம்மோடு 'அம்மா இங்கே வா' பாடியதுகள் எல்லாம் டாக்டர்களாக ஒரு மேஜை நிறைய உட்கார்ந்திருந்தன. என் காதில் சதா ஒரு இரைச்சல் கேட்கிறது என்றதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி மட்டும், "நீ மேளம் அடிச்சவதானே, பின்ன கேக்காம என்ன பண்ணும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் விரல்கள் மேஜை விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தன. அவை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மேளம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். அது என் கையைவிட்டுப் போக இருந்த குளிர்காலம் ஒன்று உண்டு. அது உங்களில் யாருக்கும் தெரியாது.

அப்பா ரிச்சர்ட்சனில் டெலிபோன் ஸ்விட்ச் செய்கிற கம்பெனியில் இன்ஜினியர். நம் அப்பாக்கள் எல்லோருமே ஏறக்குறைய ஒரே வேலையை வேறுவேறு கண்ணாடிக் கட்டடங்களில் செய்தவர்கள்தானே. அம்மா ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன் மேஜையில் இருந்தாள். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஏழு வயதில் விமானம் ஏறி வந்தவள் நான். வீட்டில் என் எதிர்காலம் பேசி முடித்தாகிவிட்டது, அந்தக் காலத்தில் கல்யாணத்தைப் பேசி முடிப்பார்களே அப்படி, பெண்ணைக் கேட்காமலே. நான் டாக்டர். இதயமா குழந்தைகளா என்பதில்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கருத்து வேறுபாடு.

என்னைப் பள்ளியின் பேண்ட் வாத்தியக் குழுவில் சேர்த்ததும் அப்பாதான். டாக்டர் படிப்புக்கு அப்ளை பண்ணும்போது மார்க்கைத் தவிர வேறு ஏதாவது காட்ட வேண்டும் என்று ஓர் அங்கிள் அவர் காதில் போட்டிருந்தார். யோசித்துப் புல்லாங்குழலைத் தேர்ந்தெடுத்தார்கள். கிருஷ்ணன் கையில் இருப்பது, பெட்டி சின்னது, பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. நான் அதை வாசித்தேன், ஆனால் அது என்னை வாசிக்க விடவில்லை. புல்லாங்குழலுக்கு மூச்சை அடக்கி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எனக்கு நிற்கவே வராது. சாப்பாட்டு மேஜை, காரின் டாஷ்போர்டு, பாத்திரம் கழுவும் தொட்டி, பூஜை அறைக் கதவு என்று எதைப் பார்த்தாலும் தட்டுவேன். "கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்பது அம்மா நாள் முழுக்கச் சொல்கிற மந்திரம்.

ஒன்பதாம் வகுப்பில் மேள வரிசையில் ஓர் இடம் காலியானது. தேர்வுக்குப் போனேன், எடுத்துக்கொண்டார்கள். ஸ்நேர் என்கிற மேளம். இரண்டு தோளிலும் ஒரு வளைந்த பட்டையை மாட்டி, வயிற்றுக்கு முன்னால் தொங்கவிட்டு, குச்சியால் அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். அப்பாவிடம் நான் பொய் சொல்லவில்லை. "பேண்ட் எப்படி அம்மிணி போகுது?" என்று கேட்பார், "குட்" என்பேன். எந்த வாத்தியம் என்று அவர் கேட்கவில்லை. பேண்ட் வாசிக்கிற ஃபுட்பால் மேட்சுகளுக்கு அவர் வந்ததும் இல்லை. புல்லாங்குழல் பெட்டி என் அலமாரியில் சமர்த்தாக இருந்தது.

அந்த ஆகஸ்ட் மாதங்களை இன்னும் என் தோல் மறக்கவில்லை. பள்ளியின் கார் நிறுத்தும் இடத்தில் வெள்ளைக் கோடு போட்டு எங்களை நடக்க விடுவார்கள். டெக்சாஸ் வெயிலில் தார் இளகி ஷூவைப் பிடிக்கும். சன்ஸ்க்ரீனும் வேர்வையும் கலந்த நாற்றம், ஆரஞ்சுக் கேனிலிருந்து குடிக்கிற ரப்பர் வாசனைத் தண்ணீர், ஒலிபெருக்கியில் டிக் டிக் என்று ஓயாத தாளம். பட்டை உரசித் தோள் சிவந்து தோல் உரியும். எனக்கு எரிச்சலே தெரியாது. ஒரு வரிசையாக நின்று, எல்லோருடைய குச்சியும் ஒரே நேரத்தில் விழுந்து ஒரே சத்தமாகக் கேட்கும்போது உடம்புக்குள் எதுவோ கடைசியில் உட்காரும். என் வாழ்க்கையில் எனக்கு அமைதி கிடைத்தது அந்தச் சத்தத்துக்குள்தான். அதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். மாடியில் ரப்பர் தட்டில் நான் அடித்துப் பழகுவது அடுப்படிக்கு இறங்கிவரும். ஒருநாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "நேத்து அடிச்சது நல்லா இருந்துச்சு. இன்னைக்கு நடுவுல இழுக்குது," என்றாள். நடுவில் இழுத்தது உண்மைதான். பேண்ட் டைரக்டரும் மறுநாள் அதையே சொன்னார். ஆனால் அம்மா இதை அப்பாவிடம் கொண்டுபோகவில்லை. ஏன் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என்ன நடக்கும் என்று அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்பு நவம்பரில் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஊரிலிருந்து வந்தார்கள். பெரியப்பா அப்பாவின் அண்ணன். தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் அப்பாவைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர்தான். அப்பா அவர் முன்னால் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெரியப்பாவுக்கு ரிச்சர்ட்சன் பிடிக்கவில்லை. காலையில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு தெருவில் நடந்துவிட்டு வருவார். "என்றா தம்பி, இத்தனை பெரிய வூடு கட்டி வெச்சிருக்காங்க, ரோட்டுல ஒரு மனுசனையும் காணோம்?" என்பார். "எல்லாரும் கார்ல போயிருவாங்கங்கண்ணா," என்பார் அப்பா, ஏதோ தன் தவறு போல.

மனிதர்களைக் காட்ட வேண்டுமே என்றுதான் அப்பா அவர்களை டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்கு அழைத்து வந்தார். என் பேண்டும் அதில் வரும் என்பது அவருக்குப் பெருமை. மற்றவர்கள் வருவதற்கு வெகு நேரம் முன்பே போய், மடக்கு நாற்காலிகளை நடைபாதை ஓரமாகப் போட்டு, பிளாஸ்கில் காப்பி, டப்பாவில் முறுக்கு என்று முன்வரிசையைப் பிடித்துவிட்டார். பெரியம்மா பட்டுப்புடவைக்கு மேலே அப்பாவின் கோட்டும் கீழே அம்மாவின் ஷூவும் போட்டிருந்தாள். அப்பா கையில் கேம்கார்டர்.

தீயணைப்பு வண்டி போனது, சர்ச் பிள்ளைகளின் வைக்கோல் வண்டி போனது, பிறகு நாங்கள் தெருமுனையில் திரும்பினோம். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து மேளங்கள் மட்டும் அடித்துக்கொண்டு நடக்கும். எங்கள் வீட்டார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தபோது மேளம் மட்டும் அடிக்கிற அந்த இடைவேளை. தூரத்திலிருந்தே அப்பாவைப் பார்த்துவிட்டேன். கண்ணில் கேமராவை வைத்துக்கொண்டு புல்லாங்குழல் வரிசையில் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா அவர் முழங்கையைத் தொட்டு எங்கள் பக்கம் காட்டினாள். பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அன்றைக்கு மாதிரி நான் அதற்கு முன்னால் அடித்ததில்லை. அதனால்தான் எழுந்தார் என்று நினைத்துக்கொண்டேன், பைத்தியக்காரி.

அந்த கேசட் ரொம்ப நாள் டிவிக்குக் கீழே கிடந்தது. நாங்கள் வரும்வரை எல்லாம் சரியாக இருக்கும். புல்லாங்குழல் பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகக் கேமரா தேடும். பிறகு தார் ரோடு, பெரியம்மாவின் ஷூ, கீழே சிந்திய முறுக்கு. என் மேளச் சத்தம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் பதிவாகியிருக்கும். வீடு மாறியபோது அது எங்கே போனதோ, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பெரியப்பா தட்டைத் தொடாமல் அப்பாவைப் பார்த்தார்.

"டாக்டருக்குப் படிக்க வெக்கறேன்னு சொன்னயே தம்பி. புள்ளையக் கூட்டிட்டு வந்து கழுத்துல மேளத்தக் கட்டி ரோட்டுல அடிக்க விட்டிருக்கறயே. சொந்தபந்தம், ஒறம்பரைக்குத் தெரிஞ்சா என்ன பேசுவாங்க?"

"எனக்கே தெரியாதுங்கண்ணா."

"தெரியாதா? உன்ற வூட்ல நடக்கறது உனக்குத் தெரியாதா?"

அப்பா என்னைப் பார்க்காமலே, "திங்கக்கிழமை ஸ்கூல்ல போய்ப் பேசி எடுத்துடறேன்," என்றார். பிறகு என்னிடம், "உனக்குத் தாளம்தான வேணும்? மிருதங்கம் வாங்கித் தர்றேன். அங்கிள் ஒருத்தர் சொல்லித் தர்றாரு," என்றார்.

அந்த வயதில் நான் தமிழைக் காதில் வாங்கி இங்கிலீஷில் திருப்பிக் கொடுப்பவள். நான் பேசியதை இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன், கேட்க கொஞ்சம் மரியாதையாகவும் இருக்கும். "மேளம்தானே ரெண்டும்? உக்காந்து அடிச்சா சரி, நடந்து அடிச்சா தப்பா?" என்று கேட்டேன். பெரியம்மா எழுந்து கை கழுவப் போனாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மார்க் குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நம்மை எதற்கெடுத்தாலும் மார்க்கைச் சொல்லித்தானே மிரட்டினார்கள்.

எனக்கு என்ன போகும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வருடத்து வரிசைக்கு ஜனவரியில் தேர்வு. பேண்டில் இல்லாதவர்கள் அதில் நிற்க முடியாது. அந்த வரிசையின் நடு இடம் எனக்கு வேண்டும். அங்கே நின்றவர்கள்தான் யூனிவர்சிட்டியில் மேளமே படிப்பாகப் படிக்கப் போனார்கள். அப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் என் பாதை அங்கேயே அடைபட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். குச்சியைத் தொடப் பிடிக்கவில்லை, தொடாமல் இருக்கவும் முடியவில்லை. தொடையில் தட்டித் தட்டி அங்கே கன்றிப் போயிருந்தது.

திங்கட்கிழமை மதியம் அப்பா ஆபீசில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு வந்தார். டை கட்டியிருந்தார். பேண்ட் டைரக்டர் நெட்டையான டெக்சாஸ்காரர், தன்னைவிடச் சின்னவர்களையும் 'சார்' என்பார். அவர் அறையில் எண்ணெயும் பித்தளையும் ஈரக் கம்பளமும் கலந்த ஒரு வாசனை. என்னை அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"இவளை பேண்டிலிருந்து எடுக்க வேண்டும்," என்றார் அப்பா, நல்ல ஆபீஸ் இங்கிலீஷில்.

"வருத்தமாக இருக்கிறது சார். மார்க் பிரச்சினையா?"

"ஆமாம், படிப்பு..."

டைரக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எல்லாப் பாடத்திலும் ஏ கிரேடு. அப்பாவுக்கும் அது தெரியும்.

"நேரம் அதிகம் எடுக்கிறது," என்றார் அப்பா.

"ஃபுட்பால் சீசன் முடிந்துவிட்டது சார். இனி வகுப்பு நேரத்தில் மட்டும்தான்."

"அவளுக்கு முதுகு வலிக்கிறது."

எனக்கு முதுகு வலித்ததே இல்லை. டைரக்டர் என்னைப் பார்த்தார், பிறகு எடை குறைந்த பட்டை ஒன்று இருக்கிறது, நாளைக்கே தருகிறேன் என்றார். அப்பா சுவரில் இருந்த பழைய பேண்டுகளின் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், காரணம் எதுவானாலும் பெற்றோர் நீங்கள் சொன்னால் சரிதான். ஆனால் இவள் என் நல்ல பிள்ளைகளில் ஒருத்தி. என்ன காரணம் என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்."

"எங்கள் ஊரில்..." என்று தொடங்கினார் அப்பா. "எங்கள் கலாசாரத்தில் இந்த மாதிரி மேளத்தை..." அங்கே நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. கிளையண்ட்டுகளிடம் நிறுத்தாமல் பேசுகிற மனிதர் அவர்.

டைரக்டர் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது மதம் சம்பந்தப்பட்டதா சார்? அப்படியென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் போதும். நான் அடுத்த கேள்வி கேட்க மாட்டேன். இப்போதே கையெழுத்துப் போட்டுவிடலாம்," என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. பெரியப்பாவுக்கும் சந்தோஷம், டைரக்டருக்கும் மனத்தாங்கல் இல்லை. அப்பா தன் கைகளைப் பார்த்தார்.

"இல்லை," என்றார். "மதம் இல்லை." எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். "யோசித்துவிட்டுச் சொல்கிறேன்."

கார் ஃப்ரீவேயில் ஏறியது. எங்கள் வீட்டுக்கு இறங்குகிற எக்ஸிட் வந்தது, அப்பா வண்டியை இறக்கவில்லை. வீட்டில் பெரியப்பா காத்திருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"என்ன காரணம்ப்பா?" என்று கேட்டேன். "எனக்காவது சொல்லுங்க."

அப்பா ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "நம்மூர்ல எளவு விழுந்தா தப்பட்டை அடிப்பாங்க அம்மிணி. இப்படித்தான், முன்னால தொங்கவிட்டு, குச்சியில அடிச்சுக்கிட்டுப் பாடைக்கு முன்னாடி நடந்து போவாங்க."

"யாரு அடிப்பாங்க?"

"அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க. ஊருக்கு வெளிய இருப்பாங்க. நம்ம வூட்டுக்குள்ள வர மாட்டாங்க."

"வர மாட்டாங்களா? நீங்க விட மாட்டீங்களா?"

அப்பா கண்ணாடியைப் பார்த்து லேன் மாற்றினார். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, ரோடு காலியாக இருந்தது. "விட மாட்டோம்," என்றார்.

என் அப்பாவை, மடக்கு நாற்காலியும் முறுக்கு டப்பாவுமாக எனக்காக முன்வரிசை பிடித்த மனிதரை, அப்போது எனக்குப் பிடிக்கவில்லை. "அப்ப அவர்கிட்ட இதையே சொல்லியிருக்கலாமே?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த ஆளு மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? இத்தனை வருசமா யாருக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியே வரல. அங்க எல்லாருக்கும் தெரியும்."

"அவங்க நல்லா அடிப்பாங்களா?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. முகம் ஒரு நொடி வேறு யாருடையதோ போல ஆனது. "உன்னைவிட நல்லா அடிப்பாங்க," என்றார். கோபத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அப்பா அடுத்த எக்ஸிட்டில் இறங்கி வண்டியைத் திருப்பினார்.

அன்றைக்கு அவர் எனக்கு டாக்டர் படிப்பிலிருந்து விடுதலை கொடுத்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு இன்னும் இரண்டு வருடம் கத்தல், அழுகை, சாப்பிடாமல் கிடந்தது எல்லாம் இருந்தது. ஊருக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றி அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசியதும் இல்லை. அந்த மௌனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதையும் சொல்லாவிட்டால் நான் சொல்வது பாதிதான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பெரியப்பா சோபாவில் இருந்தார். பெரியம்மா அவர் கையில் காப்பியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, பேசி எடுத்துட்டயா?"

"இல்லைங்கண்ணா. என்ன காரணம்னு கேட்டாங்க."

"சொல்ல வேண்டியதுதான?"

அப்பா ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். டையைத் தளர்த்திவிட்டு, அண்ணனுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நாளைக்கு நீங்களும் வாங்கண்ணா," என்றார், எப்போதும் பேசுகிற அதே பணிவான குரலில். "காரணத்தை நீங்க சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம நான் அவருக்கு இங்கிலீஷ்ல சொல்றேன்."

பெரியப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. காப்பியைப் பெரியம்மாவிடம் திருப்பி நீட்டி, "ஆறிப் போச்சு, சூடு பண்ணிக் கொண்டா," என்றார். அதிலிருந்து அப்போதும் ஆவி வந்துகொண்டிருந்தது.